கிராம சபைத் தீர்மானம் கல்குவாரியை நிறுத்துமா?

ஒரு வாசகரின் கேள்வி: "எங்கள் ஊர்க் கண்மாய் பக்கம் கல்குவாரி வரப்போகிறது என்கிறார்கள். கிராம சபையில் தீர்மானம் போட்டால் நின்றுவிடுமா? ஊர் இளைஞர்கள் சாலை மறியல் செய்யலாம் என்கிறார்கள். அதற்குப் போலீஸ் அனுமதி வேண்டுமா?"

தீர்மானம் மட்டும் சட்டப்படி குவாரியை நிறுத்தாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தீர்மானம் போட்டாயிற்று, இனி ஒன்றும் ஆகாது என்று கலைந்துபோய், பிறகு லாரி வந்து நின்றபோது திகைத்த ஊர்கள் உண்டு. ஒடிசாவின் நியம்கிரி மலையில் 2013-இல் 12 கிராம சபைகள் பாக்சைட் சுரங்கம் வேண்டாம் என்றன, சுரங்கமும் வரவில்லை. ஆனால் அங்கே 2006 வன உரிமைச் சட்டமும் உச்ச நீதிமன்றத் தீர்ப்பும் கிராம சபைக்குப் பின்னால் இருந்தன. உங்கள் ஊர் வனப் பகுதி இல்லையென்றால் அந்தப் பலம் உங்களுக்குக் கிடைக்காது.

அப்புறம் தீர்மானம் எதற்கு? மேலூர் பக்கம் நடந்ததைப் பாருங்கள். 2024 நவம்பரில், அரிட்டாபட்டியை உள்ளடக்கிய நாயக்கர்பட்டி டங்ஸ்டன் சுரங்கம் ஏலம் போன செய்தி வந்தது. அதே மாதம் 23-ஆம் தேதி கிராம சபைகளில் எதிர்ப்புத் தீர்மானங்கள் நிறைவேறின. டிசம்பர் 9-இல் சட்டமன்றமும் தீர்மானம் போட்டது. ஊர்க்காரர்கள் அதோடு ஓயவில்லை. 2025 ஜனவரி 7-இல் நரசிங்கம்பட்டியிலிருந்து மதுரையை நோக்கி ஆயிரக்கணக்கில் கிளம்பினார்கள். ஜனவரி 23-இல் மத்திய அரசு ஏலத்தை ரத்து செய்தது. வெறும் கூட்டமாக இருந்திருந்தால் "யாரோ தூண்டிவிடுகிறார்கள்" என்று ஒதுக்கியிருப்பார்கள். ஊரே கூடிக் கையெழுத்துப் போட்ட தீர்மானத்தை அப்படி ஒதுக்க முடியாது. ஓட்டுக் கேட்டு வரவேண்டிய யாரும் அதற்குப் பதில் சொல்லியே ஆகவேண்டும்.

அதனால் தீர்மானத்தைப் பிழையில்லாமல் போடுங்கள். தமிழ்நாட்டில் ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என ஆண்டுக்கு ஆறு கிராம சபைகள். குறைவெண் வரம்பு முக்கியம்: மக்கள்தொகை 501 முதல் 3,000 வரை என்றால் 100 பேர், 10,000 வரை என்றால் 200 பேர் வந்திருக்க வேண்டும். "குவாரி வேண்டாம்" என்று ஒரு வரியில் முடிக்காதீர்கள். சர்வே எண், கண்மாயிலிருந்து தூரம், பாசனம் பெறும் ஏக்கர், பக்கத்து வீடுகள் எல்லாம் எழுதப்பட வேண்டும். வாசித்துக் காட்டச் சொல்லி, அதன் பிறகு கையெழுத்திடுங்கள். நகல் தர மறுத்தால் தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்துடன் கேளுங்கள். அந்த நகலோடு திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் கூட்டத்துக்கு ஐம்பது பேராகப் போய் மனுவுக்கு ரசீது வாங்குங்கள்.

சரி, போராட்டம். ஆயுதமின்றி அமைதியாகக் கூடுவது அரசியல் சாசனத்தின் 19-ஆவது பிரிவு தந்த உரிமை. காவல்துறை இடத்தையும் நேரத்தையும் ஒழுங்குபடுத்தலாமே தவிர, தெருவில் கூட்டமே கூடாது என்று ஒட்டுமொத்தமாகத் தடுக்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் 1973-லேயே சொல்லிவிட்டது. பழைய 144 தடையுத்தரவை (புதிய சட்டத்தில் 163) நியாயமான எதிர்ப்பை அடக்கப் பயன்படுத்தக் கூடாது என்று 2020-இல் சொன்னது. ஆனாலும் மனுக் கொடுப்பதே நல்லது. இடம், நேரம், எத்தனை பேர், ஒலிபெருக்கி உண்டா என்று எழுதிக் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். அந்தத் தாள் இருந்தால் உயர் நீதிமன்றத்தை அணுக வசதி. நிபந்தனைகளோடு அனுமதி கிடைத்த வழக்குகள் நிறைய.

மறியல் வேண்டாம் என்பதே என் கருத்து. பொதுச் சாலையைக் காலவரையின்றி அடைத்து உட்கார முடியாது என்று டெல்லி ஷாகீன் பாக் சாலை மறியல் வழக்கில் அதே 2020-இல் தீர்ப்பு வந்திருக்கிறது. வழக்குப் பதிவானால் முதலில் மாட்டுவது, அரசு வேலைக்கும் பாஸ்போர்ட்டுக்கும் விண்ணப்பித்திருக்கும் உங்கள் இளைஞர்கள்தான். அவர்களை வீடு வீடாக அனுப்புங்கள். கண்மாய்த் தண்ணீரில் நாற்று நட்ட பெண்கள் அடுத்த கிராம சபையில் முன்வரிசையில் உட்கார்ந்து பேசும்படி பார்த்துக்கொள்ளுங்கள்.