பந்தல் நிறையப் பூ, ஒரு காயைக் காணோம்

கேள்வி: ஐயா, சிங்கப்பூரில் இருக்கும் மகன் ஊருக்கு வந்தபோது கிரீஸ் நாட்டுப் பெரிய வெள்ளை பீன்ஸ் ஒரு பாக்கெட் கொண்டுவந்தான். சமைத்தது போக 20 விதையைத் தை மாதம் ஊன்றினேன். பருப்பு மண்ணுக்குள்ளேயே கிடக்க, முளை மட்டும் மேலே வந்தது. இப்போது சித்திரை. பந்தல் முழுக்க வெள்ளைப் பூ, அத்தனையும் உதிர்கிறது. யூரியா வைத்தும் பயனில்லை. நம் வெயிலுக்குத் தாங்கும் வேறு ரகம் உண்டா? – தேவகோட்டைப் பக்கத்து விவசாயி

பதில்: பருப்பு மேலே வரவில்லை என்று எழுதினீர்களே, அதிலேயே பயிர் எதுவென்று தெரிந்துவிட்டது. சாதாரண பீன்ஸும் டபுள் பீன்ஸும் பருப்பைத் தலையில் தூக்கிக்கொண்டு முளைக்கும். உங்களுடையது ரன்னர் பீன்ஸ். மெக்சிகோ, மத்திய அமெரிக்க மலைகள்தான் அதன் பூர்வீகம்.

ரகங்களுக்குக் குறைவில்லை. கிரீஸில் பிரெஸ்பா ஏரிக்கரையின் ‘கிகாண்டெஸ்’, ஸ்பெயினில் லா கிரான்ஹாவின் ‘ஹுதியோன்’, போலந்தில் துனாயெத்ஸ் ஆற்றுப் பள்ளத்தாக்கின் ‘பியங்க்னி யாஷ்’. பெயர்தான் வேறு, இனம் ஒன்றே. பிரெஸ்பா ஏரி கடல் மட்டத்திலிருந்து சுமார் 850 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, லா கிரான்ஹா 1,100 மீட்டருக்கும் மேலே. எல்லாம் குளிர்ந்த காற்றில் காய்த்துப் பழகியவை. பகல் வெப்பம் 30 டிகிரியைத் தாண்டினாலே பூ நிற்காது, நம் சித்திரை வெயிலைச் சொல்லவே வேண்டாம். அதனால் ரகத்தை மாற்றிப் பயனில்லை. யூரியாவை நிறுத்துங்கள், அது இலையைத்தான் வளர்க்கும். பூவின் மேல் தண்ணீர் தெளிப்பதும் வீண் வேலை.

ஆசைக்கு இன்னொரு முறை பார்ப்பதென்றால், ஐப்பசியில் 4 குழி தோண்டி ஊன்றினால் போதும். மார்கழி, தையில் பூக்க வேண்டும், அதுதான் கணக்கு. அடைமழையில் விதை அழுகிவிடும் என்பதால் மேட்டுப்பாத்தி போடுங்கள். செம்மண் சரளையில் ஈரம் நிற்காது, மக்கிய எருவைத் தாராளமாகக் கலந்து, தூரில் இலைதழையால் மூடாக்குப் போடுங்கள். காய் பிடிக்கத் தேனீ வேண்டும். வரவில்லையென்றால் காலையில் பூவின் பக்க இதழை விரலால் மெல்ல அமுக்குங்கள், மகரந்தத்தை ஏற்கும் சூல்முடி வெளியே எட்டிப் பார்க்கும். பூப்பூவாய் அப்படிச் செய்யலாம். அப்படியும் நாலு கை காய் கிடைத்தால் அதிர்ஷ்டம்தான்.

விற்பனைக்கு என்றால் யோசிக்காமல் மொச்சைக்குப் போய்விடுங்கள். ஆடியில் ஊன்றினால் பகல் குறுகும் காலத்தில் பூத்துப் பொங்கலுக்குப் பச்சை மொச்சையாகக் கைக்கு வரும். காரைக்குடிச் சந்தையில் அதை விற்க யாருக்கும் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை.

ஒன்று, மகனிடம் விதைக்கென்று இனி கேட்காதீர்கள். உரிய அனுமதி இல்லாமல் வெளிநாட்டு விதையைக் கொண்டுவரக் கூடாது. பாக்கெட்டில் மிச்சம் இருந்தால் இரவே ஊறப்போட்டு, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, நசுக்கினால் மாவாகும்வரை கொதிக்க வேகவைத்துப் புளிக்குழம்பில் போடுங்கள். அரைவேக்காடு வயிற்றைப் புரட்டிவிடும்.