உலகில் நீங்கள் போக ஆசைப்படும் கனவு இடங்கள் எவை?

கேள்வி கேட்டவர் "பணம், விசா இரண்டையும் யோசிக்காமல் சொல்லுங்கள்" என்று கீழே ஒரு வரி சேர்த்திருக்கிறார். இலங்கைப் பாஸ்போர்ட்காரியிடம் விசாவை யோசிக்காதே என்றால் என்ன செய்வது? சரி, முடிந்தவரை தள்ளிப்போடுகிறேன்.

என் பட்டியலுக்கு ஒரே ஒரு விதிதான். இறங்கும் விமான நிலையத்தில் என்னைக் கூட்டிப்போக ஒரு சொந்தக்காரரும் வந்து நிற்கக் கூடாது.

கொழும்பில் தமிழர் நிறைந்த வெள்ளவத்தையில் வளர்ந்தவர்களுக்கு இது உடனே விளங்கும். எங்களுக்கு வெளிநாடு என்றாலே யாரோ ஒருவருடைய வீடுதான். லண்டன் என்றால் ஈஸ்ட்ஹாம் சித்தி, கனடா என்றால் ஸ்காபரோப் பெரியப்பா. பாரிஸ் போய் வந்த மச்சாள் காட்டிய படங்களில் பாதி லா சப்பல் தமிழ்க் கடைத்தெரு, மீதி ஒரு சாமத்திய வீடு, அதாவது ஒரு பிள்ளை பெரியவளான கொண்டாட்டம். ஈபிள் கோபுரம் ஒரேயொரு படத்தில் இருந்தது, அதுவும் ஓடுகிற காரின் கண்ணாடிக்குள்ளால் எடுத்தது. போகும்போது சூட்கேஸ் நிறைய மிளகாய்த்தூள், ஒடியல் மா, பருத்தித்துறை வடை, வரும்போது சொக்லேட். நடுவில் இருந்த நாட்டை யாரும் பார்த்த மாதிரித் தெரியவில்லை.

துருவ ஒளி பார்க்க நோர்வேயின் வடக்கு முனைக்குப் போகலாம் என்று ஒரு காலம் ஆசைப்பட்டேன். அங்கேயாவது தப்பலாம் என்று பார்த்தால், பின்மார்க் கரையோர மீன் தொழிற்சாலைகளில் எண்பதுகளிலேயே எங்கள் சனம் வேலைக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. அப்பாவிடம் கேட்டால் பருத்தித்துறையில் கூடப் படித்த ஒருவரின் நம்பரைத் தேடி எடுத்துத் தருவார். பட்டியலிலிருந்து நோர்வே போய்விட்டது.

முதல் இடம் சீனாவின் சுவான்சோ. ஷாங்காய் இல்லை, பெருஞ்சுவரும் இல்லை. தைவானுக்கு எதிர்க்கரையில், புஜியான் மாகாணத்தில் இருக்கும் பழைய துறைமுகம் அது. அராபியர்கள் சைத்தூன் என்று அழைத்தார்கள். இந்த ஆசையைக் கிளப்பிவிட்டது கொழும்பு நூதனசாலையில் நிற்கும் ஒரு கல். கறுவாத்தோட்டத்து நூதனசாலைக்குப் பள்ளிக்கூடத்தில் கூட்டிப்போகாத கொழும்புப் பிள்ளை இருக்காது. எல்லோரும் கண்டி அரசனின் சிம்மாசனத்தைப் பார்க்க ஓடுவார்கள். இந்தக் கல் அவ்வளவு கவனத்தை இழுக்காது. மேலே இரண்டு டிராகன்கள், கீழே சீனம், தமிழ், பாரசீகம் மூன்றிலும் எழுத்து. தமிழ்ப் பகுதி தேய்ந்து போய்விட்டதால், நேரே நின்று பார்த்தால் ஒன்றும் தெரியாது. கொஞ்சம் பக்கவாட்டில் சாய்ந்து, வெளிச்சம் விழுகிற பக்கமாகப் பார்த்தால் ஓரிரு எழுத்து பிடிபடும்.

1409ஆம் ஆண்டு பொறிக்கப்பட்ட கல் அது. சீனக் கடற்படைத் தளபதி செங் ஹே கொண்டுவந்தது. 1911இல் தெற்கே காலி நகரத்தில் ஒரு மதகுக்கு மூடியாகக் கிடந்தபோதுதான் கண்ணில் பட்டது. சீனத்தில் புத்தருக்குக் காணிக்கை, தமிழில் தேவேந்திரமுனையில் கோயில் கொண்டிருந்த தென்னாவர நாயனாருக்குக் காணிக்கை, பாரசீகத்தில் இஸ்லாத்தின் பேரில் காணிக்கை. ஆயிரம் பொன், ஐயாயிரம் வெள்ளி, பட்டு, வாசனை எண்ணெய் என்று மூன்று தரப்புக்கும் ஏறக்குறைய ஒரே அளவு. ஆளுக்கொரு மொழியில் எழுதிக் கொடுத்து, எல்லோருக்கும் சமமாகப் பங்கு வைத்திருக்கிறார்கள். இந்த நாட்டில் அதற்குப் பிறகு எத்தனை பேரால் அது முடிந்தது என்று கேட்டால் நான் வேறு பதிலுக்குள் போய்விடுவேன். செங் ஹேயும் ஒன்றும் தர்மவான் இல்லை. அதே பயணத்தில் இங்கே சண்டை மூண்டு, ஆட்சியிலிருந்த அழகேஸ்வரனைப் பிடித்துச் சீனாவுக்குக் கொண்டுபோய்ச் சக்கரவர்த்தி முன்னால் நிறுத்தினார்கள். பிறகு விட்டுவிட்டார்கள்.

கல் சீனாவிலிருந்து இங்கே வந்தது. இங்குள்ள கடல்வழியாக அங்கே போனதைத்தான் நான் சுவான்சோவில் பார்க்க வேண்டும். 1281இல் அங்கே தமிழ் வணிகர்கள் சிவன் கோயில் கட்டியிருக்கிறார்கள். அதைச் சொல்லும் தமிழ்க் கல்வெட்டு கிடைத்திருக்கிறது. கட்டியது சம்பந்தப் பெருமாள், வேண்டுதல் குப்ளாய் கானின் உடல்நலத்துக்கு. மங்கோலியச் சக்கரவர்த்திக்குச் சுகம் வேண்டிச் சீனக் கரையில் சிவபூசை! கோயில் இன்றைக்கு இல்லை. ஆனால் அதன் கற்கள் ஊர் முழுக்கச் சிதறிக் கிடக்கின்றன. கையுவான் என்ற பெரிய பௌத்த விகாரையின் பின்பக்கத்தில் நரசிம்மரும் கண்ணனும் செதுக்கிய தூண்கள் இரண்டு இன்னும் கூரையைத் தாங்கிக்கொண்டு நிற்கின்றன. பக்கத்துக் கிராமம் ஒன்றில் பழைய அம்மன் சிலை ஒன்றைக் குவான்யின் என்ற பௌத்தக் கருணைத் தெய்வமாக வைத்துக் கும்பிடுகிறார்கள். 2021இல் யுனெஸ்கோ இந்த நகரத்தை உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது.

இன்னொன்றும் பார்க்க வேண்டும். ஊருக்கு வெளியே லுவோயாங் பாலம், 1059இல் கட்டி முடித்தது. ஆறு கடலில் விழும் இடம் என்பதால் அலை அடித்து அத்திவாரக் கற்களைப் பெயர்த்துக்கொண்டு போகாமல் இருக்க, கற்களுக்கிடையே சிப்பிகளை வளரவிட்டிருக்கிறார்கள். சிப்பி ஒட்டி ஒட்டிக் கற்களை இறுக்கிவிட்டது. காலிமுகத்திடலில் நின்று கடலரிப்புக்குக் கொட்டிய கற்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இந்தப் பாலம்தான் ஞாபகம் வரும்.

இவ்வளவு தேடிப் படித்த பிறகுதான் ஒரு செய்தி கண்ணில் பட்டது. பதினைந்தாம் நூற்றாண்டில் இலங்கையிலிருந்து போன இளவரசன் ஒருவன் திரும்பி வராமல் சுவான்சோவிலேயே தங்கிவிட்டானாம். அவன் வழி வந்தவர்கள் என்று சொல்லிக்கொள்ளும் குடும்பம் ஒன்று இன்றும் அங்கே இருக்கிறதாம். தம்பியிடம் சொன்னேன். "பாத்தியா, அங்கயும் சொந்தம் வந்து நிக்கும்" என்றான். ஒரு போர்டைப் பிடித்துக்கொண்டு யாராவது நின்றால் வணக்கம் சொல்லிவிட்டு நழுவ வேண்டியதுதான்.

இரண்டாவது இடம் எத்தியோப்பியா. இதைச் சொன்னால் அலுவலகத்தில் எல்லோரும் "ஏன்?" என்கிறார்கள். அம்மா மட்டும் கேட்கவில்லை. அம்மா மாத்தளைக்காரி. அம்மாவின் ஆட்கள் இந்தத் தீவுக்கு வந்தது தேயிலைக்கு அல்ல, கோப்பிக்கு. இராமநாதபுரம் கரையிலிருந்து தோணியேறி, மன்னாரில் இறங்கி, காட்டுவழியே நடந்து மாத்தளைக்கு வந்தவர்கள். வழியில் வாந்திபேதியில் விழுந்தவர்களை விட்டுவிட்டு மற்றவர்கள் நடந்தார்கள். 2023இல் மலையக மக்கள் வந்து இருநூறு ஆண்டானதை நினைத்துத் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடைபயணம் போனார்களே, அதே பாதைதான். பிறகு 1869இல் கோப்பி இலையில் ஒரு துரு நோய் கண்டது. ஆரஞ்சு நிறப் பொடி மாதிரி இலையின் அடியில் படரும் பூஞ்சணம். பத்துப் பதினைந்து வருடத்துக்குள் கோப்பித் தோட்டங்கள் அழிந்து, அந்த இடத்தில் தேயிலை வந்தது. உலகமே சிலோன் டீ என்று குடிப்பதற்குக் காரணம் அந்தப் பூஞ்சணம்.

அரபிக்கா கோப்பிச் செடியின் சொந்த வீடு எத்தியோப்பியாவின் தென்மேற்குக் காடுகள். கஃபா என்ற பகுதியில் அது இன்னும் மர நிழலில் காட்டுச் செடியாகவே முளைக்கிறது. யாரும் நடாத, யாரையும் கூலிக்கு இறக்காத ஒரு கோப்பிச் செடியைப் பார்க்க வேண்டும் என்பதுதான் என் ஆசை.

அங்கே கோப்பி குடிப்பதும் அவசரக் காரியம் இல்லை. தரையில் புல்லைப் பரப்பி, சாம்பிராணி போட்டு, பச்சைக் கொட்டையைக் கழுவிக் கண் முன்னாலேயே கரி அடுப்பில் வறுக்கிறார்கள். வறுத்த சட்டியை ஒவ்வொருவர் முன்னாலும் கொண்டுவருவார்கள். புகையைக் கையால் அள்ளி முகர வேண்டும். அப்புறம் உரலில் இடித்து, ஜெபனா என்ற கழுத்து நீண்ட மண் கூசாவில் காய்ச்சி, கைபிடி இல்லாத சின்னக் கோப்பைகளில் மூன்று சுற்று ஊற்றுவார்கள். அபோல், தோனா, பரக்கா. மூன்றாவது சுற்று ஆசீர்வாதம். அதற்கு முன் எழும்புவது மரியாதை இல்லை. கோட்டை ரயில் நிலையத்தில் கண்ணை மூடிக்கொண்டு ஒரே மூச்சில் பிளேன்ரீ அடித்துவிட்டு ஓடுகிற எனக்கு இது நல்ல தண்டனை.

சாப்பாட்டுக்கும் பயமில்லை. தெஃப் என்ற சின்னத் தானியத்தை அரைத்துப் புளிக்கவைத்துச் சுடும் இஞ்சேரா, எங்கள் தோசைக்கு ஒன்றுவிட்ட அக்கா. அங்குள்ள ஓர்த்தடொக்ஸ் கிறிஸ்தவர்கள் புதனும் வெள்ளியும் மச்சம் தொடமாட்டார்கள். பால், முட்டையும் இல்லை. அதனால் அந்த நாட்களில் எந்தக் கடையிலும் பருப்பும் மரக்கறியுமாக ஒரு பெரிய தட்டு கிடைக்கும். வெள்ளிக்கிழமை விரதத்தோடு ஆபிரிக்காவில் தாராளமாக உலாவலாம் என்று அம்மாவுக்குச் சொன்னதில் பாதி எதிர்ப்பு அடங்கிவிட்டது. அங்கே மணிக்கூடும் வேறு. சூரியன் எழும்பும்போதுதான் எண்ணத் தொடங்குவார்கள். எங்கள் காலை ஏழு மணி அவர்களுக்கு ஒரு மணி. வருடத்துக்குப் பதின்மூன்று மாதம். பஸ் நேரம் கேட்கிறவர்கள் எந்த மணிக்கூடு என்று சேர்த்துக் கேட்க வேண்டும்.

ஐஸ்லாந்தில் எனக்குப் பனிப்பாறை வேண்டாம், ஹெய்மாய் தீவு வேண்டும். 1973 ஜனவரியில் ஊருக்குப் பக்கத்திலேயே நிலம் வெடித்து எரிமலைக் குழம்பு துறைமுகத்தை நோக்கி வந்தபோது, குழாய் குழாயாகக் கடல் தண்ணீரை இறைத்து அதைக் குளிரவைத்துத் துறைமுகத்தைக் காப்பாற்றினார்கள். துறைமுக நகரத்தில் பிறந்தவளுக்கு இதைவிட என்ன வேண்டும்? சமர்கண்டின் நீல ஓடு பதித்த மண்டபங்களும் மனதில் உண்டு. அது எல்லோருக்கும் உள்ள ஆசை, விளக்கம் வேண்டாம்.

இனி விசா. தள்ளிப்போட்டது போதும். முன்கூட்டி விசா எடுக்காமல் நாங்கள் போய் இறங்கக்கூடிய நாடுகள் குறைவு. சிங்கப்பூர், மாலைதீவு என்று விரல் மடக்க ஆரம்பித்தால் கெதியாகவே முடிந்துவிடும். ஐரோப்பா என்றால் வங்கிக் கணக்கு அறிக்கை, வேலைக் கடிதம், ஹோட்டல் பதிவு, காப்புறுதி, தமிழில் இருக்கும் பிறப்புச் சான்றிதழுக்குச் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பு என்று ஒரு பைல் கட்ட வேண்டும். அதைவிட வேடிக்கை, என் விதியே எனக்கு எதிராக நிற்பது. அங்கே சொந்தக்காரர் இருந்தால் அழைப்புக் கடிதம் வாங்கலாம். யாருமே இல்லாத ஊருக்குக் கல்யாணமாகாத ஒரு தமிழ்ப் பெண் தனியாக ஏன் போகிறாள் என்ற கேள்விக்கு, "எரிமலையைத் தண்ணீர் ஊற்றி நிறுத்திய துறைமுகத்தைப் பார்க்க" என்று பதில் சொன்னால் எந்த அதிகாரி நம்புவார்? திரும்பி வருவேன் என்று நிரூபிப்பதுதான் எங்கள் சுற்றுலாவின் பெரிய வேலை. மொரோக்கோ நாட்டுப் பயணி இபன் பதூதா 1344இல் இங்கே வந்து, யாழ்ப்பாணத்து ஆரியச் சக்கரவர்த்தியின் விருந்தாளியாக இருந்து, சிவனொளிபாதமலை ஏறி, கொழும்பையும் பார்த்துவிட்டு, பிறகு சீனா போய்ச் சைத்தூன் துறைமுகத்தையும் பார்த்தவர். அவரிடம் யாரும் வங்கி அறிக்கை கேட்டிருக்கமாட்டார்கள்.

பணமும் அப்படித்தான். 2022 தொடக்கத்தில் ஒரு டொலர் இருநூறு ரூபாய் சொச்சம். மே மாதம் 360. நான் பயணத்துக்கென்று ரூபாயில் சேர்த்ததெல்லாம் கணக்கில் அப்படியே இருந்தது, ஆனால் அது கூட்டிப்போகக்கூடிய தூரம் சுருங்கிவிட்டது. அதனால்தான் இப்போது முதலில் போகப்போவது வியட்நாம். 2023 ஆகஸ்ட் முதல் எல்லா நாட்டுக்காரர்களுக்கும் இணையத்திலேயே விசா தருகிறார்கள், பைல் கட்டத் தேவையில்லை. ஹனோயிலிருந்து சைகோன் வரை 1,726 கிலோமீட்டர் ரயில் பாதை. ஹுவே கழிந்து ஹாய் வான் கணவாயில் மலையை ஒட்டி, கீழே கடல் தெரிய ஓடுகிறது. பதுளை ரயிலில் கதவடியில் நின்று வளர்ந்தவளுக்கு அந்த ஒரு துண்டே போதும். நடுவில் இறங்கி, முன்பு அந்தப் பக்கத்தை ஆண்ட சம்பா அரசர்கள் கட்டிய மீ சோன் சிவன் கோயில்களையும் பார்த்துவிடலாம். போரில் குண்டு விழுந்து நொறுங்கியது போக மிச்சமிருக்கும் செங்கல் கோபுரங்கள்.

சைகோனில் தமிழர் கட்டிய மாரியம்மன் கோயில் ஒன்று இருக்கிறது. இப்போது அங்கே கும்பிட வருபவர்கள் பெரும்பாலும் வியட்நாமியர்கள்தான். இதை வீட்டில் வாய்தவறிச் சொல்லிவிட்டேன். "அப்ப நானும் வாறன்" என்றார் அம்மா. மாத்தளை முத்துமாரி குங்குமம் ஒரு சரை கொண்டுபோக வேண்டுமாம். சொந்தக்காரர் இல்லாத ஊருக்குச் சொந்தக்காரரோடேயே போகப்போகிறேன். மழை குறைந்த பெப்ரவரி, மார்ச் பக்கம் டிக்கெட் பார்த்துக்கொண்டிருக்கிறேன். தெத் புதுவருட விடுமுறையில் ரயிலில் இடம் கிடைப்பது கஷ்டம், போக நினைப்பவர்கள் அந்த வாரத்தைத் தவிர்த்துவிடுங்கள்.