பழைய இரும்புக் கடையில் கிடக்கும் சிங்கர் தையல் மெசினை வாங்கித் திருத்தலாமா?

கல்முனையில் ஒரு பழைய இரும்புக் கடையில் கறுப்புச் சிங்கர் கால் மெசின் ஒன்று கிடக்கிறது, சில்லைச் சுற்றினால் அசையவே இல்லை, கடைக்காரர் நிறுத்துத்தான் விலை சொல்கிறார், வாங்கித் திருத்தினால் தைக்குமா என்று கேட்டிருக்கிறீர்கள். அநேகமாகத் தைக்கும். சில்லு அசையாததை வைத்து முடிவெடுக்காதீர்கள். மெசினைச் சரித்துப் பிடித்து அடியில் பாருங்கள், ஷட்டில், அதாவது அடிநூலைத் தாங்கி ஓடுகிற உறுப்பு, இருக்கிறதா, இருந்தால் எந்த மாதிரி ஷட்டில் என்று. நான் மட்டக்களப்பு, காத்தான்குடி, ஏறாவூர்ப் பக்கம் பழைய இரும்புக் கடைகளில் மெசின் தேடி எடுத்துத் திருத்துகிறவன், கடையில் நான் முதலில் பார்ப்பதும் அதைத்தான்.

இறுகிப்போன மெசின் பெரும்பாலும் துருவால் இறுகுவதில்லை, எண்ணெயால் இறுகுகிறது. எங்கள் வீடுகளில் மெசின் ஓயில் முடிந்தால் குசினியில் இருக்கும் தேங்காய் எண்ணெயை விட்டுவிடுவார்கள், அது அன்றைக்கு நன்றாக ஓடும், பிறகு மெசின் பல வருடம் மூலையில் கிடக்கும்போது அந்த எண்ணெய் மஞ்சளாகக் காய்ந்து பிசின் மாதிரி எல்லா மூட்டையும் பிடித்துக்கொள்ளும். இன்னொரு காரணம் நூல். ஷட்டில் சுற்றும் பள்ளத்துக்குள் ஒரு துண்டு நூல் மாட்டினாலே போதும், முழு மெசினும் நின்றுவிடும். இரண்டும் செலவில்லாமல் தீரக்கூடியவை. ஆனால் ஷட்டில் தொலைந்த மெசின், இரும்பு உடல் வெடித்த மெசின், ஊசித் தண்டு வளைந்த மெசின், இவற்றை எவ்வளவு மலிவாகத் தந்தாலும் நான் எடுப்பதில்லை.

சரி, எந்த மாதிரி என்று எப்படிக் கண்டுபிடிப்பது. ஊசித் தட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் வழுக்குத் தகட்டை இழுத்துத் திறந்தால், துவக்குக் குண்டு வடிவில் நீளமான ஷட்டில் முன்னும் பின்னும் ஆடுகிற வகை ஒன்று உண்டு, 27, 28 மாடல் இலக்க மெசின்கள். பார்க்க மிக அழகானவை, பொன்னிறப் பூ வேலை போட்டவை. ஆனால் அதன் பொபின், அதாவது அடிநூல் சுற்றுகிற உருளை, மெல்லிய நீளக் குச்சி மாதிரி இருக்கும், அதை இங்கே கடைகளில் தேடி எடுப்பது பெரும்பாடு. ஷட்டிலும் ஒன்றிரண்டு பொபினும் உள்ளேயே இருந்தால் தாராளமாக எடுங்கள், இல்லையென்றால் விடுங்கள். மற்றது 15 இலக்க வகை, ஊசிக்கு இடது பக்கத்தில் வட்டமான பொபின் கேஸ், அதாவது பொபினை வைக்கிற கூடு, செருகுவது. நமக்கு வாய்ப்பானது இதுதான். ஏனென்றால் பிற்காலத்தில் சீனாவிலிருந்து வந்த பட்டர்பிளை கால் மெசினே இந்த 15ஐப் பார்த்துச் செய்ததுதான். அதனால் பொபின், பொபின் கேஸ், துணியை அழுத்திப் பிடிக்கிற கால் அடி என்று அடிக்கடி தேவைப்படுகிற சாமான் பெரும்பாலும் ஒன்றுக்கொன்று பொருந்தும், தையல் சாமான் விற்கிற கடைகளில் சாதாரணமாகக் கிடைக்கும்.

மெசினின் வயதையும் ஓரளவு சொல்லலாம். சிங்கர் இலங்கைக்கு வந்தது 1877இல், எங்கள் பக்கத்தில் கிடைக்கிற பழையவற்றில் நிறைய ஸ்கொட்லாந்தின் கிளைட்பேங்க் தொழிற்சாலையில் செய்தவை. அந்த இடத்தின் பெயர் கில்போவி, 15கே, 28கே என்று இலக்கத்தோடு வருகிற ‘கே’ (K) அதைத்தான் குறிக்கிறது. அந்தத் தொழிற்சாலை 1980இல் மூடப்பட்டுவிட்டது. வலது பக்க அடித்தட்டில் பதித்திருக்கும் தொடர் இலக்கம் ‘வை’ (Y) எழுத்தில் தொடங்கினால் 1920களிலிருந்து 1930களின் நடுப்பகுதிவரை, ‘ஈ’யோடு (E) இன்னொரு எழுத்தும் சேர்ந்து வந்தால் 1935இலும் அதற்குப் பிறகும். அந்த இலக்கத்தைத் துடைத்து வாசிக்கிற நேரம் எனக்கு ஒவ்வொரு முறையும் சந்தோஷமாக இருக்கும்.

எங்கள் மாவட்டங்களுக்கென்று ஒரு எச்சரிக்கை. 2004 சுனாமியில் கடல்நீர் புகுந்த வீட்டு மெசின்கள் இன்னும் கரையோரக் கடைகளில் வருகின்றன. மேலே பெயின்ட் அடித்திருந்தால் தெரியாது. ஊசித் தண்டையும் கால் அடித் தண்டையும் விரலால் தடவிப் பாருங்கள், வழுவழுப்பாக இல்லாமல் சிறு சிறு பள்ளமாக நெருடினால் உப்பு உள்ளே தின்றிருக்கிறது, எண்ணெய் விட்டாலும் சத்தமும் ஆட்டமும் போகாது. வெறும் மழை வெள்ளத்தில் நனைந்தது அவ்வளவு மோசமில்லை.

வாங்கி வந்ததும் பலவந்தமாகச் சில்லைச் சுற்றாதீர்கள். முதலில் பொபின் கேஸைக் கழற்றி, ஷட்டிலைப் பிடித்திருக்கும் வளையத்தையும் திறந்து, உள்ளே இருக்கிற நூலையும் பஞ்சையும் ஊசியால் கிளறி எடுங்கள். அதன்பிறகு மேலே உள்ள எண்ணெய்த் துளைகளிலும் அடியில் உலோகத்தோடு உலோகம் உரசுகிற ஒவ்வொரு மூட்டிலும் கொஞ்சம் மண்ணெண்ணெய் விட்டு, ஒரு நாள் ஊறவிட்டு, நல்ல வெயிலில் வையுங்கள். கறுப்பு இரும்பு எங்கள் மத்தியான வெயிலில் கைவைக்க முடியாத அளவு சுடும், அந்தச் சூட்டில் பழைய எண்ணெய் இளகும். பிறகு சில்லை மெதுவாக முன்னும் பின்னும் அசைத்துப் பாருங்கள், ஒரு நூலளவு அசைந்தாலும் போதும், அடுத்தடுத்த நாள் மிச்சமும் இளகும். அசையத் தொடங்கியதும் மண்ணெண்ணெயைத் துடைத்துவிட்டு, தண்ணீர் மாதிரித் தெளிவாக இருக்கும் மெசின் ஓயிலை விடுங்கள். மோட்டார் சைக்கிள் எஞ்சின் ஓயில் வேண்டாம். தேங்காய் எண்ணெயின் கதை மேலேயே சொல்லிவிட்டேன்.

பெயின்டைத் தயவுசெய்து தின்னரால் துடைக்காதீர்கள், ஸ்பிரிட்டும் வேண்டாம். அந்தப் பொன்னிறப் பூக்கள் மெல்லிய வார்னிஷுக்குக் கீழே ஒட்டிய படங்கள்தான், ஒரு தேய்ப்பில் எல்லாம் போய்விடும். மண்ணெண்ணெயும் அதன்மேல் படாமல் பாருங்கள். பழைய பருத்தித் துணியில் மெசின் ஓயிலைத் தொட்டுப் பொறுமையாகத் துடைத்தால் அழுக்கு வரும், பூ நிற்கும். கராஜ்காரர்கள் சொல்கிறபடி முழுக்கச் சுரண்டிப் புதுப் பெயின்ட் அடிப்பதை நான் செய்யமாட்டேன், தேய்ந்த பூவோடேயே அந்த மெசின் அழகுதான்.

பலரைக் குழப்புகிற இடம் ஒன்று உண்டு. சில்லின் நடுவில் இருக்கும் பெரிய திருகைத் தளர்த்தினால் ஊசி நின்று சில்லு மட்டும் சுற்ற வேண்டும், பொபினுக்கு நூல் சுற்றுவதற்காக வைத்த ஏற்பாடு அது. சிலர் கழற்றித் துடைத்துப் பூட்டிய பிறகு அந்தத் திருகு இறுகவும் மாட்டாது, விடவும் மாட்டாது. உள்ளே காது வைத்த வாசர் ஒன்று இருக்கிறது, அதை அரைவட்டம் திருப்பிப் போட்டால் சரியாகிவிடும். மெசின் பழுது என்று இரும்புக்குப் போட்டதில் இந்த வாசர் மாத்திரமே பிழையாக இருந்த ஒன்றை நான் ஏறாவூரில் எடுத்தேன். இப்போது அதில் ஒரு அக்கா அபாயா தைக்கிறார்.

தைத்துப் பார்க்கும்போது புது ஊசி போடுங்கள், பருத்திக்கு 14 நல்லது. ஊசியில் நீளப் பள்ளம் இருக்கும் பக்கத்திலிருந்துதான் நூல் துளைக்குள் போக வேண்டும், இது மாறினால் எவ்வளவு திருத்தினாலும் தையல் விழாது. துணிக்கு அடியில் நூல் வளையம் வளையமாகத் தொங்கினால் பிழை மேலே, நூல் இறுக்குகிற தட்டுகளுக்குள் பஞ்சு அடைத்திருக்கும் அல்லது நூல் தட்டுக்குள் போகாமல் வெளியே நிற்கும். சில்லு எப்போதும் உங்களை நோக்கியே சுற்ற வேண்டும், மற்றப் பக்கம் மிதித்தால் நூல் அறும். கால் மெசினின் தோல் பெல்ட் காய்ந்திருந்தால் புதிது வாங்குங்கள், அதிகம் செலவாகாது.

இது நேர்த்தையல் மட்டும்தான் போடும், சிக்சாக் வராது. ஆனால் பள்ளிச் சீருடை, சட்டை, மருதமுனைச் சாரனுக்கு மூட்டு, தடித்த ஜீன்ஸ் எல்லாம் தயங்காமல் தைக்கும், கரண்ட் நின்றாலும் தைக்கும். இப்போது சிலர் இந்த மெசின்களின் கால் ஸ்டாண்டை மட்டும் ஹோட்டலுக்கு மேசைபோட வாங்கிவிட்டுத் தலையை உருக்கப் போடுகிறார்கள். எனக்கு அது தாங்கமுடியாத விஷயம், வீட்டிலிருந்து தைத்து உழைக்க ஒரு மெசின் இல்லாமல் எத்தனையோ பெண்கள் எங்கள் ஊர்களிலேயே இருக்கும்போது வேலை செய்யக்கூடிய ஒன்றை உருக்குவது எந்த நியாயம். ஸ்டாண்ட் போய்த் தலை மட்டும் இருந்தாலும் எடுங்கள், சில்லில் கைபிடி பூட்ட இடமிருந்தால் கை மெசினாக ஆக்கிக்கொள்ளலாம்.

நாளைக்கே போய் அடிப்பக்கத்தையும் ஷட்டிலையும் தொடர் இலக்கத்தையும் போனில் படம் எடுத்து இங்கே போடுங்கள். கடைக்காரரிடம் சின்னதாக ஒரு முற்பணம் கொடுத்து வையுங்கள், இரும்பு லொறி வந்தால் அவர் உங்களுக்காகக் காத்திருக்கமாட்டார்.