அரசு அதிகாரி கடையில் கடனுக்குச் சாமான் வாங்கினால் அது லஞ்சமா?

கடன் வாங்கியதாலேயே லஞ்சமாகிவிடாது. மலேசியாவில் சுங்கை சிப்புட் ஊர்ப் பக்கம் சம்பள நாள்வரை கணக்குப் புத்தகத்தில் எழுதி அரிசி, மைலோ வாங்காத வீடு எது? அதே கடையின் லைசென்சைப் புதுப்பிக்கும் அதிகாரி வாங்கும்போதுதான் சிக்கல். ‘எப்ப தருவீங்க?’ என்று அவரிடம் கேட்கக் கடைக்காரருக்கு வாய் வராது. கேட்காத கடன் மெல்ல இனாமாகிவிடும். அந்தக் காலத்துத் தோட்டத்தில் கங்காணி தூக்கிப்போன கோழி மாதிரி: விலை பேசியிருப்பார், காசு வந்திருக்காது.

அதனால்தான் மலேசியாவின் 2009ஆம் ஆண்டு ஊழல் தடுப்பு ஆணையச் சட்டம் ரொக்கம், பரிசு மட்டுமல்ல, கடன், தள்ளுபடி, ஒருவர் கடனைத் தீர்த்துவிடுவது எல்லாவற்றையும் கையூட்டில் சேர்க்கிறது.

‘அப்புறம் காசு கட்டிட்டாரே’ என்பார்கள். சலுகைக்குக் கைமாறாகப் பெற்ற கடன் என்றால், பெற்றபோதே குற்றம். விசாரணை வந்தபின் கட்டுவது அதை அழிக்காது.