குற்ற வழக்கும் குடும்ப வழக்கும்: கோத்தகிரித் தந்தைக்கு ஒரு பதில்

கேள்வி: என் மகள் ஐந்தாண்டு சட்டப் படிப்பை முடித்துவிட்டு, உதகையில் ஒரு சீனியரிடம் ஜூனியராகச் சேரப் போவதாகச் சொல்கிறாள். குற்ற வழக்குகளில் எதிரித் தரப்புக்கு, அதாவது குற்றம் சாட்டப்பட்டவருக்கு, ஆஜராவதும், விவாகரத்து, ஜீவனாம்ச வழக்குகளை நடத்துவதும்தான் அவள் விருப்பம். “திருடனுக்காகப் பேசுவதும் குடும்பத்தைப் பிரிப்பதும் ஒரு பெண் பிள்ளை செய்கிற வேலையா?” என்று உறவினர்கள் கேட்கிறார்கள். இதையெல்லாம் விட்டுவிட்டு நேராக நீதிபதித் தேர்வு எழுதச் சொல்லலாமா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகர், கோத்தகிரி

பதில்: உங்கள் கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். நேராக எழுத முடியாது. உரிமையியல் நீதிபதி பதவிக்கு விண்ணப்பிப்பவர் குறைந்தது மூன்று ஆண்டுகள் வழக்கறிஞராகத் தொழில் செய்திருக்க வேண்டும் என்று 2025 மே மாதத்தில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. ஆகவே நாளை உங்கள் மகள் நீதிபதி இருக்கையில் அமர வேண்டும் என்று நீங்கள் ஆசைப்பட்டாலும், இன்று அவர் யாரோ ஒரு சீனியரின் கேஸ் கட்டைச் சுமந்துகொண்டு நீதிமன்றப் படியேறித்தான் ஆக வேண்டும்.

இனி, “திருடனுக்காகப் பேசுவது” என்ற சொல்லுக்கு வருகிறேன். ஒருவர் திருடரா இல்லையா என்பது விசாரணையின் முடிவில் தெரிய வேண்டியது. உங்கள் உறவினர்கள் அதை எப்.ஐ.ஆர். பதிவான அன்றே முடிவு செய்துவிடுகிறார்கள். நமக்குப் பக்கத்திலேயே, கோவையில், வழக்கறிஞர்களுக்கும் காவலர்களுக்கும் மோதல் ஏற்பட்டு, அதில் வழக்குக்குள்ளான காவலர்களுக்காக எங்கள் உறுப்பினர் எவரும் ஆஜராக மாட்டார்கள் என்று வழக்கறிஞர் சங்கம் தீர்மானம் போட்டது. அத்தகைய தீர்மானங்கள் அரசியல் சட்டத்துக்கும் தொழில் அறத்துக்கும் எதிரானவை, செல்லாதவை என்று 2010 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஊரில் மற்றவர்களைக் கைது செய்கிறவர்களே ஒருநாள் தங்களுக்காகப் பேச ஒரு வழக்கறிஞர் கிடைக்காத நிலையில் நின்றார்கள் என்பதை உங்கள் உறவினர்களிடம் சொல்லுங்கள்.

எதிரித் தரப்பு வழக்கறிஞரின் வேலை பெரும்பாலும் உரத்த குரலில் வாதாடுவதும் இல்லை. நாள்களை எண்ணுவது அதில் ஒரு முக்கியமான பகுதி. ஒருவர் ரிமாண்டில் வைக்கப்பட்ட பிறகு, குற்றத்தின் தன்மையைப் பொறுத்து 60 அல்லது 90 நாள்களுக்குள் குற்றப்பத்திரிகை தாக்கல் செய்யப்படாவிட்டால், ஜாமீனில் வெளியே வரும் உரிமை அவருக்குப் பிறந்துவிடுகிறது. ஆனால் குற்றப்பத்திரிகை வந்து சேருவதற்கு முன்பே அதைக் கேட்டு மனு போடாவிட்டால் அந்த உரிமை கைநழுவிவிடும். படிக்காத ஒரு தோட்டத் தொழிலாளி இந்தக் கணக்கைச் சிறைக்குள் உட்கார்ந்து தானே போட்டுக்கொள்வார் என்று எதிர்பார்ப்பீர்களா?

குடும்பத்தைப் பிரிப்பது என்ற குற்றச்சாட்டுக்குச் சுருக்கமாகவே பதில் சொல்லலாம். பிரிந்தவர்கள்தான் வழக்கறிஞரைத் தேடி வருகிறார்கள். வந்த பிறகும், முதலில் சமரசத்துக்கு முயல வேண்டும் என்று இந்து திருமணச் சட்டமும் 1984ஆம் ஆண்டின் குடும்ப நீதிமன்றச் சட்டமும் நீதிமன்றத்தையே கடமைப்படுத்துகின்றன.

உங்கள் மகள் இந்த இரண்டு துறைகளையும் சேர்த்தே தேர்ந்தெடுத்திருப்பதுதான் எனக்கு மிகவும் பிடித்தது. தெரிந்து செய்தாரோ தெரியாமல் செய்தாரோ, சரியாகச் செய்திருக்கிறார். குன்னூர்ப் பக்கத்தில், தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் ஒரு லைன் வீட்டை எண்ணிப் பாருங்கள். கணவர் குடித்துவிட்டு அடிக்கிறார். மனைவி காவல் நிலையத்துக்குப் போகிறார். கணவரும் அவருடைய உறவினரும் மனைவிக்கு இழைக்கும் கொடுமையைத் தண்டிக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 85ஆம் பிரிவில் வழக்குப் பதிவாகிறது. மாமியார் முன்ஜாமீன் கேட்கிறார். மனைவி 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டப்படி நடுவர் (மாஜிஸ்திரேட்) முன் பாதுகாப்பும், இருக்க ஓர் இடமும் கேட்கிறார். ஜீவனாம்சத்துக்குத் தனியாக மனு போடுகிறார். கணவர் விவாகரத்து கேட்டு இன்னொரு நீதிமன்றத்துக்குப் போகிறார். ஒரே கூரையிலிருந்து இத்தனை வழக்குகள் கிளம்புகின்றன. ஒன்றில் அவசரமாக எழுதிய ஒரு வாக்கியம் மற்றொன்றின் குறுக்கு விசாரணையில் எழுந்து நிற்கும். ஜீவனாம்ச வழக்கில் இரு தரப்பினரும் தங்கள் வருமானத்தையும் சொத்து, கடன்களையும் பிரமாணப் பத்திரமாகத் தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2020இல் உத்தரவிட்ட பிறகு, இந்த இடர் இன்னும் கூடியிருக்கிறது. கணவர் சிறையில் இருக்கும்வரை அவருக்குச் சம்பளம் இல்லை. சம்பளம் இல்லையென்றால் குழந்தையின் பள்ளிச் செலவுக்கு அவர் எதைத் தருவார்? எனவே மனைவிக்காக ஆஜராகிறவருக்கும் ஜாமீனைப் பற்றிய தெளிவு வேண்டும். குற்றவியல் மட்டும் தெரிந்தவர் வழக்கை வென்றுவிட்டு அந்தக் குழந்தையை மறந்துவிடக் கூடும். குடும்பச் சட்டம் மட்டும் தெரிந்தவர் சமரசம் பேசிக்கொண்டே இருந்து கைதைத் தடுக்கத் தவறிவிடக் கூடும்.

நம் நீலகிரி மலைக்கே உரிய ஒரு விஷயத்தையும் உங்கள் மகள் தொடக்கத்திலேயே கற்றுக்கொள்ள வேண்டும். மத்திய அரசு தனியாக அறிவிக்கை வெளியிட்டாலன்றி, இந்து திருமணச் சட்டம் பட்டியல் பழங்குடியினருக்குப் பொருந்தாது என்று அதன் 2ஆம் பிரிவின் 2ஆம் உட்பிரிவு சொல்கிறது. தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர் ஆகியோர் வாழும் மாவட்டத்தில் இது ஏட்டளவில் நிற்கும் விதியாக இருக்க முடியாது. ஒரு பணியப் பெண்ணின் மணமுறிவுக்கு, சமவெளியில் எழுதும் வழக்கமான பரஸ்பர விவாகரத்து மனுவை அப்படியே நகலெடுத்தால் வழக்கு அடித்தளத்திலேயே ஆடிப்போகும். அவர்களுடைய வழக்காறு என்ன என்பதைச் சாட்சிகள் வழியாக நிரூபிக்க வேண்டியிருக்கும். அதே பெண்ணுக்கு ஜீவனாம்சச் சட்டமும் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டமும் எந்தத் தடையும் இல்லாமல் துணை நிற்கின்றன. இதை அறியாத ஒருவரிடம் போய் அந்தப் பெண் ஓராண்டை இழப்பது எனக்குப் பொறுக்க முடியாத கொடுமையாகத் தோன்றுகிறது.

பணத்தைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, கேட்டிருக்க வேண்டும். பார் கவுன்சிலில் பதிவு செய்வதற்குச் சட்டம் விதிக்கும் கட்டணம் 750 ரூபாய், பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் 125 ரூபாய். அதற்கு மேல் வாங்கக் கூடாது என்று 2024 ஜூலையில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. பதிவுக்குப் பின் அகில இந்திய பார் தேர்விலும் அவர் தேர்ச்சி பெற வேண்டும். ஜூனியர்களுக்கு மாதம் சென்னை, மதுரை, கோவையில் 20,000 ரூபாயும் மற்ற ஊர்களில் 15,000 ரூபாயும் குறைந்தபட்சமாகத் தரப்பட வேண்டும் என்று 2024 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. சேரப் போகும் அலுவலகம் அதைப் பின்பற்றுகிறதா என்பதை முதல் நாளிலேயே கூச்சப்படாமல் கேட்கச் சொல்லுங்கள். முதல் நான்கைந்து ஆண்டுகள் கையில் பெரிதாக எதுவும் நிற்காது. அந்தக் காலத்தில் அவருக்குத் தேவைப்படுவது உங்கள் வீட்டுச் சோறும், உறவினர்களிடம் நீங்கள் எடுத்துச் சொல்லும் பதிலும்தான். இன்னொரு வழியும் இருக்கிறது. 2022இல் தேசிய சட்டப் பணிகள் ஆணைக்குழு வகுத்த திட்டத்தின்படி, வசதியற்ற எதிரிகளுக்காக ஆஜராகும் முழுநேர வழக்கறிஞர்களை மாவட்ட அளவில் நியமிக்கிறார்கள். அதில் உதவி வழக்கறிஞர் இடம், தொழிலுக்கு வந்து மூன்று ஆண்டுகளுக்கு உட்பட்டவர்களுக்கும் உண்டு. தனிப்பட்ட வழக்குகளை எடுக்க முடியாது என்றாலும், குறுக்கு விசாரணையைக் கற்றுக்கொள்ள அதைப் போன்ற பயிற்சிக் களம் ஓர் இளைஞருக்கு எளிதில் வாய்க்காது.

பெண் பிள்ளை என்ற கவலையில் நியாயமான பகுதி ஒன்று உண்டு. உதகையின் புதிய நீதிமன்ற வளாகத்தில் பெண் வழக்கறிஞர்களுக்குக் கழிப்பறை வசதி இல்லை என்ற முறையீடு 2023இல் உச்ச நீதிமன்றம் வரை போனது. அதை அங்கே கொண்டுபோனவர்கள் இந்த மாவட்டத்துப் பெண் வழக்கறிஞர்களே. உங்கள் மகள் அவர்களோடு சேரப் போகிறார். தனியாக நிற்கப் போவதில்லை.

உறவினர்களை நம்பி முடிவெடுக்கும் முன் ஒரு காரியம் செய்யுங்கள். குடும்ப வழக்குகள் சில வேளைகளில் தனியறையில் நடக்கும். குற்ற வழக்கு விசாரணை பொதுவாக எல்லோர் முன்னிலையிலும் நடப்பது. உங்கள் ஊர் நீதித்துறை நடுவர் நீதிமன்றத்துக்கு ஒரு நாள் காலை மகளோடு போய்ப் பின் வரிசையில் உட்காருங்கள். வக்கீல் இல்லாமல் கூண்டில் ஏறி நிற்கிறவர் யாரேனும் இருந்தால், நடுவர் கேட்கும் கேள்விக்கு அவர் என்ன பதில் சொல்கிறார் என்பதைக் கேட்டுவிட்டு வந்து எனக்கு எழுதுங்கள்.