மெட்லர் பழத்தை எப்போது, எப்படிப் பறிக்க வேண்டும்?

அக்டோபர் பாதியாகியும் தோட்டத்து மெட்லர் (ஆப்பிள், பேரிக்காய்க்கு உறவான மரம்) காய்கள் கல்லாகவே இருக்கின்றன, மரத்திலேயே பழுக்க விட்டுவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். இங்கிலாந்துக் குளிரில் அவை மரத்தில் பழுத்து உண்ணும் பதத்துக்கு வருவது அரிது. இது காயாகப் பறித்து, வீட்டில் வைத்துப் பழுக்கவிட வேண்டிய பழம். ஆனால் அவசரப்பட்டு இப்போதே பறித்துவிடவும் வேண்டாம்; மரத்தில் எவ்வளவு நாள் தங்குகிறதோ அவ்வளவுக்குச் சுவை கூடும்.

அக்டோபர் கடைசியிலோ நவம்பர் தொடக்கத்திலோ, இலைகள் பழுத்து உதிரத் தொடங்கும்போது, ஒரு காயைக் கையில் ஏந்தி மெல்ல மேலே தூக்கித் திருகிப் பாருங்கள். காம்பு முரண்டு பிடிக்காமல் கிளையை விட்டு வந்தால் பருவம் வந்துவிட்டது என்று பொருள். லேசான உறைபனி விழுந்திருந்தால் கவலை இல்லை, அது சதையைத் தளர்த்திப் பழுப்பதைத் தொடங்கி வைக்கும். மழையோ பனி ஈரமோ இல்லாத நாளில், காம்போடு, ஒவ்வொன்றாகப் பறிக்க வேண்டும். கிளையை உலுக்கினால் விழுந்து அடிபட்ட காய்கள் பழுக்குமுன் அழுகிவிடும்.

பறித்த பிறகுதான் நான் தவறு செய்தேன். மாங்காயை வைக்கோலில் புதைத்துப் பழுக்க வைக்கும் ஊரில் வளர்ந்தவன் என்பதால், முதல் ஆண்டு அத்தனை மெட்லரையும் ஒரு பெட்டியில் வைக்கோலோடு குவித்து மூடி வைத்தேன். பத்து நாள் கழித்துத் திறந்தபோது பாதிக்கு மேல் வெள்ளைப் பூஞ்சணம் படர்ந்திருந்தது. மெட்லருக்கு மூட்டம் ஆகாது, காற்றும் குளிர்ச்சியும் வேண்டும். இப்போதெல்லாம் காம்பு நுனியை உப்புக் கரைசலில் தோய்த்து உலர்த்துகிறேன். பழைய தோட்டக்காரர்கள் பூஞ்சணத்தைத் தடுக்கச் செய்யும் வழி இது. பிறகு, பூவின் அடியிதழ்களான ஐந்து புல்லிகள் விரிந்து வாய் பிளந்தது போலிருக்கும் அடிப்பக்கம் கீழே இருக்கும்படி, ஒன்றை ஒன்று தொடாமல், காகிதம் விரித்த தட்டில் ஒரே அடுக்காக அடுக்கி, வெளிச்சம் படாத கொட்டகையில் வைத்துவிடுவேன். இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும். எல்லாம் ஒரே நாளில் பழுக்காது என்பதால் இரண்டு நாளுக்கு ஒரு முறை பார்ப்பது நல்லது.

பழுத்ததா அழுகியதா என்பதில்தான் புதியவர்கள் தடுமாறுகிறார்கள். பறித்த நிலையில் கடித்தால் வாழைப்பூவைப் பச்சையாக மென்றது போல் நாக்கைப் பிடிக்கும் துவர்ப்பு இருக்கும். நாளாக ஆக, துவர்ப்பைத் தரும் டானினும் அமிலமும் குறைந்து இனிப்பு மேலோங்க, தோல் சுருங்கிக் கரும்பழுப்பாகும், வெளிர்நிறச் சதை பேரீச்சம்பழத்தை மசித்தது போலாகும். விரலால் அழுத்தினால் குழைய வேண்டும், நீர் கசியக் கூடாது. பூஞ்சண வாடையோ புளித்த நெடியோ இருந்தால் எறிந்துவிடுங்கள். பதம் வந்த பழம் அதிக நாள் தாங்காது.

ஜெல்லி காய்ச்சப் போகிறீர்கள் என்றால் அத்தனையையும் பழுக்க விடாதீர்கள். கால் பங்கு கெட்டியான காய்களைச் சேர்த்தால்தான் பெக்டின் போதிய அளவு கிடைத்து ஜெல்லி உறையும்.

அப்படியே சாப்பிடுவதானால் மேல்பக்கத்தைக் கிள்ளிவிட்டுக் கரண்டியால் வழித்து எடுங்கள். உள்ளே பெரும்பாலும் ஐந்து விதைகள், எல்லாம் கல். பழத்தின் மென்மையை நம்பிக் கடித்தால் பல்லுக்குக் கேடு.