டபரா வட்டம், ஊஞ்சல் கறை, ஐப்பசி பாலிஷ்: வாசகர் கேள்விகள்

இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் "உப்புத்தாள் போட்டுத் தேய்த்துவிடலாமா?" என்றுதான் முடிகின்றன. தயவுசெய்து வேண்டாம். பெரும்பாலும் கெட்டிருப்பது மரத்தின் மேலுள்ள பூச்சு மட்டும்தான், அது என்ன பூச்சு என்று பார்க்காமல் தேய்த்தால் உள்ளங்கை அளவு இருந்த கோளாறு மேசை முழுக்கப் பரவிவிடும்.

கும்பகோணத்திலிருந்து ஒரு வாசகி: தாத்தாவின் தேக்கு எழுத்து மேசையில் காபி டபராவை வைத்தோம். வெள்ளையாக வட்டம் விழுந்துவிட்டது, துடைத்தும் போகவில்லை. புதிதாக பியூ (பாலியூரித்தேன்) பாலிஷ் போடச் சொல்கிறார்கள்.

தாத்தா காலத்து மேசை என்றால் அது பெரும்பாலும் அரக்கு பாலிஷ்தான். மரக்கிளைகளில் அரக்குப் பூச்சி விடும் பிசினை ஸ்பிரிட்டில் (ஆல்கஹால் வகைக் கரைப்பான்) கரைத்து, துணிப்பொட்டலத்தால் பல தடவை தடவி ஏற்றியிருப்பார்கள். முதலில் அதை உறுதி செய்துகொள்ளுங்கள்: மேசைக்கு அடியில், கண்ணில் படாத மூலையில் ஒரு சொட்டு ஸ்பிரிட் வைத்து அரை நிமிடம் கழித்துத் தொட்டுப் பாருங்கள். பிசுபிசுத்தால் அரக்கு. ஒன்றும் ஆகவில்லை, ஆனால் தின்னர் பட்டால் இளகுகிறது என்றால் லாக்கர் என்ற பூச்சு. இரண்டுக்கும் அசையாவிட்டால் பியூ போன்ற நவீனப் பூச்சாக இருக்கும்.

அரக்கு சூட்டில் இளகும், அந்த நேரத்தில் டபராவின் அடியிலிருந்த ஈரம் உள்ளே புகுந்து மாட்டிக்கொள்ளும், அதுதான் உங்களுக்கு வெள்ளையாகத் தெரிகிறது. வட்டம் கறுப்பாக இல்லாமல் வெள்ளையாக இருப்பது நல்ல செய்தி, ஈரம் மரம்வரை போகவில்லை. இரண்டு நாள் காற்றாட விடுங்கள், சில சமயம் தானாகவே மங்கிவிடும். போகாவிட்டால் பழைய பருத்தி வேட்டியை நாலாக மடித்து வட்டத்தின் மேல் போட்டு, இஸ்திரிப் பெட்டியை மிகக் குறைந்த சூட்டில், ஆவி இல்லாமல், ஐந்தாறு வினாடி வைத்து எடுத்துப் பாருங்கள். அப்படியும் நின்றால், துணியில் ஸ்பிரிட் தொட்டு, கையில் ஈரம் படாத அளவுக்குப் பிழிந்துவிட்டு, வட்டத்தின் மேல் ஒரே வீச்சில் தடவி எடுங்கள். நடுவில் கையை நிறுத்தினால் துணி ஒட்டி பாலிஷ் பிய்ந்துவிடும். பக்கத்தில் விளக்கோ அடுப்போ எரியக் கூடாது.

பியூ பாலிஷ் வேண்டாம் என்று உரிமையோடு சொல்கிறேன். அரக்கின் மேல் புது அரக்கு தடவினால் பழையதை இளக்கி அதோடு ஒன்றாகிவிடும், எதையும் உரிக்க வேண்டியதில்லை. பியூ அப்படிச் சேராது. அதைப் போடுவதற்காகப் பழையதையெல்லாம் உரித்தால் தாத்தா கைபட்டு ஏறிய அந்த நிறமும் கூடவே போய்விடும்.

மன்னார்குடி வாசகர்: ஊஞ்சல் பலகையில் இரும்பு வளையம் மாட்டிய இடம் கறுத்துவிட்டது. ஓரத்தில் வெற்றிலைக்குத் தடவும் சுண்ணாம்பு சிந்தி, அங்கங்கே பாலிஷ் போய்விட்டது.

இரண்டும் வேறு வேறு கோளாறு. ஈரத்தில் இரும்பு மரத்தின் துவர்ப்புச் சத்தோடு சேர்ந்தால் கறுப்பு விழும், அது மரத்துக்குள்ளேயே இருப்பதால் அந்த இடத்தில் மட்டும் பாலிஷை ஸ்பிரிட்டால் நீக்கித்தான் ஆகவேண்டும். அப்புறம் ஒரு டம்ளர் வெந்நீரில் ஒன்றிரண்டு ஸ்பூன் ஆக்ஸாலிக் அமிலத்தைப் பிளாஸ்டிக் பாத்திரத்தில் கரைத்துத் தடவி, கறை வெளுத்ததும் நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று முறை துடைத்தெடுங்கள். இந்த அமிலம் விஷம். கையுறை போடுங்கள், தூளை முகர வேண்டாம், ஊஞ்சலுக்கு ஓடிவரும் பிள்ளைகளை அன்று தள்ளியே வையுங்கள். வளையத்தைப் பித்தளைக்கு மாற்றாவிட்டால் அடுத்த மழைக்கே கறுப்பு திரும்பிவிடும். சுண்ணாம்பு காரப்பொருள் (அமிலத்துக்கு நேர்மாறானது), அரக்கு காரத்தில் கரையும், அவ்வளவுதான் விஷயம். அந்த இடத்தை ஈரத்துணியால் துடைத்து, நன்றாகக் காயவிட்டு, மெல்லிதாக மூன்று நான்கு கோட் அரக்கு ஏற்றினால் போதும்.

வேதாரண்யம் வாசகர்: 2018 நவம்பரில் கஜா புயலில் ஓடு பறந்து மர பீரோ நனைந்தது. அதிலிருந்து பாலிஷ் செதில் செதிலாக உரிகிறது. ஐப்பசியில் ஆள் வருகிறார், போட்டுவிடலாமா?

அந்தப் புயலில் தென்னையும் கூரையும் போன வீடுகளில் பீரோவைக் கவனிக்க யாருக்கு நேரம் இருந்திருக்கும்! இத்தனை வருஷம் பொறுத்துவிட்டீர்கள், தை பிறக்கும்வரை பொறுங்கள். ஸ்பிரிட் ஆவியாகும்போது மரத்தின் மேற்பரப்பு குளிரும், அடைமழைக் காற்றில் இருக்கும் ஈரம் அதில் படிந்து பாலிஷ் பால் ஊற்றியதுபோல வெளுத்துவிடும். வேலை செய்பவர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் இதைத் தடுப்பது கஷ்டம். அதற்குள் பீரோவைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வைத்து, அடிப்பலகையிலும் பின்பலகையிலும் கோணூசியால் குத்திப் பாருங்கள். ஊசி மெத்தென்று இறங்கினால் கரையானோ உளுத்தலோ இருக்கிறது, பாலிஷுக்கு முன் தச்சரைக் கூப்பிடுங்கள்.

திருவாரூர் வாசகி: பளபளப்புக்கு வாரம் ஒருமுறை தேங்காய் எண்ணெய் தடவுகிறேன். சரியா?

சரியில்லை. தேங்காய் எண்ணெய் காயாது, தூசியைப் பிடித்துப் பிசுக்காகும். ஆளிவிதை எண்ணெய் காயும், ஆனால் அதைத் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போட்டால் தானே சூடேறித் தீப்பிடிக்கக்கூடும், விரித்துக் காயவையுங்கள்.

மயிலாடுதுறை வாசகர்: பழைய வீட்டு நிலைக்கதவில் அடுக்கடுக்காகப் பெயிண்ட். தேய்த்து மரத்தை வெளியே கொண்டுவர ஆசை.

ஆசை நல்லதுதான், ஆனால் உலர்வாகத் தேய்க்கவே கூடாது. வீட்டுப் பெயிண்டில் ஈயம் 90 பிபிஎம்முக்கு (பத்து லட்சத்தில் 90 பங்கு) மேல் இருக்கக் கூடாது என்ற விதி நம் நாட்டில் 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது, அதற்கு முந்தைய அடுக்குகளில் ஈயம் நிறைய இருக்கலாம். அந்தத் தூசி சின்னக் குழந்தைகளின் மூளையைப் பாதிக்கும். பெயிண்ட் ரிமூவர் தடவி, ஊறியதும் ஈரமாகவே சுரண்டுங்கள். கீழே பிளாஸ்டிக் தாள் விரித்து, என்95 முகக்கவசம் போட்டுக்கொண்டு, சுரண்டியதையெல்லாம் தாளோடு சுருட்டிக் கட்டுங்கள். முடியும்வரை பிள்ளைகள் பாட்டி வீட்டில் இருக்கட்டும்.

திருவையாறு வாசகி: அம்மாவின் தஞ்சாவூர் வீணையில், குடத்தின் மேல் பாலிஷ் வெடித்திருக்கிறது. நானே அரக்கு தடவலாமா?

வேண்டாம்மா. மேசைக்குச் சொன்னது வீணைக்குப் பொருந்தாது. குடம் பலாமரத்தில் மெல்லிதாகக் குடைந்தது, மேலே தடிமனாக ஏறும் எந்தப் பூச்சும் நாதத்தை அமுக்கக்கூடும். வெடிப்பு பூச்சில் மட்டும்தானா, மரத்திலும் ஓடுகிறதா என்பதைத் தட்டிப் பார்த்துச் சொல்ல வீணை செய்கிற கைதான் வேண்டும். தஞ்சாவூர் பக்கத்தில்தானே இருக்கிறது, பருத்தித் துணியில் சுற்றி எடுத்துப் போங்கள். அதுவரை வெயிலிலும் வைக்காதீர்கள், ஈரத்துணியாலும் துடைக்காதீர்கள்.